உடைபட்ட அரக்கு முத்திரை: லண்டனில் அடைக்கலம், 1844–1858

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய முடியரசுகளால் விரட்டப்பட்ட இத்தாலியரும் போலந்தியரும் ஹங்கேரியரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் லண்டன் மாநகரில் வந்து தங்கினார்கள் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவர்களைக் காப்பதற்கென்று பிரிட்டனில் ஒரு சட்டமும் இருக்கவில்லை என்பது அந்த அளவுக்கு அறியப்படாதது. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சத்தில் 1793இல் இயற்றப்பட்ட அந்நியர் சட்டம், ஐயத்துக்குரிய வெளிநாட்டவரை நாட்டைவிட்டு வெளியேற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருந்தது. போர்க்காலம் முடிந்த பின்னரும் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டுவந்த அந்த அதிகாரம் 1826இல் காலாவதியானது. அதன்பின் எஞ்சியது வந்திறங்குவோரின் பெயரைப் பதிவுசெய்யும் ஏற்பாடு மட்டுமே, அதையும் துறைமுக அலுவலர்கள் பெரிதாக மதிக்கவில்லை. 1848இல் ஐரோப்பா முழுவதும் புரட்சி மூண்டபோது வெளியேற்றும் அதிகாரம் மீண்டும் உயிர்பெற்றாலும், இரண்டாண்டுகள் ஏட்டில் இருந்துவிட்டு ஒருவர்மீதும் பயன்படுத்தப்படாமலேயே மறைந்தது. ஆகவே, அடைக்கலம் தருவதாக பிரிட்டன் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை; துரத்தும் அதிகாரத்தைக் கைநழுவ விட்டிருந்தது, அவ்வளவே.

இந்த நிலையை வியன்னாவும் பாரிஸும் பெர்லினும் நேபிள்ஸும் சகித்துக்கொள்ளவில்லை. தம் எதிரிகளைத் திருப்பி அனுப்புமாறு கேட்டால், அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்ற ஒரே பதில் லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்ததால், அந்த அரசுகள் வேறு வழிகளைத் தேடின: ஒற்றர்களை அனுப்பி வேவு பார்த்தன, கடிதங்களின் உள்ளடக்கத்தைப் பெற முயன்றன, தூதரகங்கள் வழியாக நெருக்கடி கொடுத்தன, பிரிட்டிஷ் நீதிமன்றங்களே அவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று வற்புறுத்தின. ஓர் அரசு தன் எல்லைக்கு வெளியே, பிற அரசின் மண்ணில் வாழும் தன் எதிர்ப்பாளரைத் துன்புறுத்துவதை ‘எல்லை கடந்த ஒடுக்குமுறை’ என்று இன்றைய மனித உரிமை ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். பெயர் புதிது; அதன் வழிமுறைகள் யாவும் ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் கையாளப்பட்டுவிட்டன.

முதல் பெரும் சோதனை கடிதங்களின் வடிவில் வந்தது. ஜெனோவாவில் 1805இல் பிறந்த ஜுசெப்பே மாட்ஸினி, சிதறுண்டு கிடந்த இத்தாலியை ஒரே குடியரசாக்கும் நோக்கத்தோடு 1831இல் மார்சேய் நகரில் ‘இளம் இத்தாலி’ இயக்கத்தைத் தொடங்கியவர். இரண்டாண்டுகளுக்குப் பின் பீட்மாண்ட் அரசு அவருக்கு அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தது. பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் தங்க முடியாமல் 1837 ஜனவரியில் லண்டன் வந்து சேர்ந்த அவர், கட்டுரைகள் எழுதிப் பிழைத்துக்கொண்டே, தெருக்களில் இசைப்பெட்டி சுழற்றிப் பிச்சையெடுக்கும்படி தரகர்களால் அழைத்துவரப்பட்ட ஏழை இத்தாலியச் சிறுவர்களுக்காக இலவச இரவுப் பள்ளி ஒன்றையும் நடத்தினார். இத்தகைய மனிதருக்குக் கடிதமே உயிர்நாடி. மால்டா, கோர்ஃபு, பாரிஸ், சுவிஸ் நகரங்கள் என்று பரவிக் கிடந்த இயக்கத்தினரை அவர் இயக்கியது அஞ்சல் வழியாகத்தான். வியன்னா அறிய விரும்பியதும் அந்த அஞ்சலில் இருந்ததைத்தான்.

1844ஆம் ஆண்டு வசந்த காலத்தில் தம் கடிதங்கள் வழக்கத்தைவிடத் தாமதமாக வருவதையும், உறைமீது நேரத்தைக் காட்டும் அஞ்சல் முத்திரை இருமுறை குத்தப்பட்டிருப்பதையும் மாட்ஸினி கவனித்தார். ஐயத்தை உறுதிசெய்ய அவரும் நண்பர்களும் கையாண்ட உத்தி மிக எளியது: தமக்குத் தாமே எழுதிய கடிதங்களுக்குள் கசகசா விதைகளையும் மணல் துகள்களையும் தலைமயிர் இழைகளையும் வைத்து, அரக்கு முத்திரையிட்டு அஞ்சலில் சேர்த்தார்கள். கடிதங்கள் வந்தன, முத்திரைகள் பழுதின்றி இருந்தன, ஆனால் உள்ளே வைத்தவற்றைக் காணோம். அரக்கை இளக்கிப் பிரித்து, முத்திரையின் வார்ப்பெடுத்து, படித்து நகலெடுத்தபின் பழையபடி ஒட்டும் கலையில் தேர்ந்த அலுவலர்கள் லண்டன் தலைமை அஞ்சலகத்தின் ஓர் அறையில் பல தலைமுறைகளாகவே இருந்துவந்தார்கள். சங்கேத எழுத்துகளை விடுவிக்கும் அவர்களது சகப் பிரிவோ ஒரே குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்தது. அக்குடும்பத்தின் முன்னோரான எட்வர்ட் வில்லிஸ், சங்கேதங்களை விடுவித்துக்கொண்டே திருச்சபையில் உயர்ந்து, பாத்–வெல்ஸ் மறைமாவட்டத்துக்கு ஆயராகவும் ஆனவர். மறைபொருள் காப்பதில் ஆயருக்குப் பயிற்சி இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

1844 ஜூன் 14 அன்று, ஃபின்ஸ்பரி தொகுதி உறுப்பினரான தாமஸ் டன்கோம்ப், மாட்ஸினியும் அவருடைய நண்பர்களும் கையெழுத்திட்ட மனுவை காமன்ஸ் சபையில் முன்வைத்தார். மனுதாரர்களுள் சாசனவாதிகளான வில்லியம் லவெட்டும் வில்லியம் லின்டனும் இருந்தார்கள். சாசனவாதிகள் என்போர் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கோரிய ஆங்கிலேய இயக்கத்தினர். உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாம், மனுதாரர்களில் ஒருவரின் கடிதங்களைத் திறக்கத் தாம் ஆணையிட்டதாக ஒப்புக்கொண்டார். அஞ்சலகச் சட்டப்படி அமைச்சரின் ஆணை இருந்தால் கடிதத்தைத் திறக்கலாம் என்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு, காரணம் சொல்ல மறுத்தார். சட்டத்தைப் பொறுத்தவரை அவர் கூறியது சரியே. நாட்டு மக்களின் மனநிலையை அவர் கணித்ததுதான் பெரும் பிழையாகிப் போனது.

அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1840இல், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னியில் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அதுவரை செல்வந்தரின் வசதியாக இருந்த அஞ்சல், கடைக்காரரும் பணிப்பெண்ணும் பயன்படுத்தும் அன்றாடப் பொருளாக மாறிக்கொண்டிருந்தது. அஞ்சல் முழுவதும் அரசின் ஏகபோகம் என்பதால் வேறு வழியில் கடிதம் அனுப்பவும் இயலாது. ஆகவே ஓர் இத்தாலியரின் கடிதம் பிரிக்கப்பட்டது என்ற செய்தி, தங்கள் கடிதமும் பிரிக்கப்படலாம் என்ற அச்சமாக ஆங்கிலேயரின் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தது. எழுத்தாளர் தாமஸ் கார்லைல், தாம் பல ஆண்டுகளாக அறிந்த மாட்ஸினியின் நேர்மைக்குச் சான்று கூறி ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதினார். ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழ், கிரஹாமைப் பகடி செய்யும் உறையையும், கடிதங்களில் ஒட்டிக்கொள்ளக் கேலிப் படங்கள் பொறித்த ஒட்டுவில்லைகளையும் அச்சிட்டது. இந்தக் கொந்தளிப்பில் மாட்ஸினியின் குடியரசுக் கொள்கைமீது ஆங்கிலேயர் கொண்ட பற்று மிகச் சொற்பம். பெரும்பாலோருக்கு அக்கொள்கை என்னவென்றே தெரியாது. தங்கள் உரிமைக்கு வந்த கேடு என்று கருதி அவர்கள் எழுந்ததால், அந்நியர் ஒருவருக்கும் அதில் பாதுகாப்புக் கிடைத்தது.

இதற்கிடையே விவகாரம் இரத்தக் கறையும் பெற்றது. ஆஸ்திரியக் கடற்படையின் வெனீசிய அதிகாரிகளான அத்திலியோ, எமீலியோ பந்தியேரா சகோதரர்கள், மாட்ஸினியோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர்கள். கடற்படையை விட்டு ஓடி, கோர்ஃபுவிலிருந்து ஏறத்தாழ 20 பேரோடு புறப்பட்டு, ஜூன் மாத நடுவில் தெற்கு இத்தாலியின் கலாப்ரியா கரையில் இறங்கினார்கள். மக்கள் எழுச்சி எதுவும் நிகழவில்லை. ஜூலை 25 அன்று கொசென்சா நகருக்கு அருகே சகோதரர்கள் இருவரும் தோழர்கள் ஏழு பேரும் நேபிள்ஸ் அரசின் துப்பாக்கிகளுக்கு இரையானார்கள். லண்டனில் பிரிக்கப்பட்ட கடிதங்களே அவர்களைக் காட்டிக்கொடுத்தன என்று மாட்ஸினி குற்றம்சாட்டினார். இக்குற்றச்சாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. அவர்களோடு சென்ற ஒருவனே கரையிறங்கிய பின் அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தான் என்பதும், பயணத் திட்டம் கோர்ஃபுவில் பலர் காதுக்கு எட்டியிருந்தது என்பதும் தெளிவு. ஆயினும் கடிதங்களிலிருந்து திரட்டிய செய்தி உள்துறையிலிருந்து வெளியுறவு அமைச்சர் அபர்தீன் பிரபுவுக்கும், அவரிடமிருந்து ஆஸ்திரியத் தூதருக்கும் சென்றது உண்மை. இரு சபைகளும் அமைத்த இரகசியக் குழுக்கள் ஆகஸ்டில் அறிக்கை அளித்தபோது, ஆணை மார்ச் 1 முதல் ஜூன் 3 வரை செயலில் இருந்ததும், அயல் அரசொன்றுக்குத் தகவல் தரப்பட்டதும் வெளியாயின. யாருக்கும் ஆபத்து நேரக்கூடிய பெயர்கள் தரப்படவில்லை என்பது குழுவின் சமாதானம். குற்றச்சாட்டை எழுப்பிய டன்கோம்புக்கு அக்குழுவில் இடமளிக்கப்படவில்லை.

அமைச்சரின் ஆணையதிகாரம் சட்டத்தில் அப்படியே நீடித்தது. அந்த அளவில் கிரஹாம் தோற்கவில்லை. ஆனால் அயல்நாட்டு அஞ்சலைப் பிரித்துவந்த இரகசிய அறையும் சங்கேதப் பிரிவும் அதே ஆண்டில் இழுத்து மூடப்பட்டன, வில்லிஸ் குடும்பத்தின் கடைசி அலுவலருக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அகதிகளைக் காக்கும் ஒரு விதிகூட எழுதப்படாமலேயே, அவர்களுக்கு எதிரான மிகக் கூரிய கருவி ஒன்று பறிபோனது.

1848 புரட்சிகள் தோற்றபின் லண்டன் வந்தவர்களின் தொகை பெருகியது. கார்ல் மார்க்ஸ் 1849இலும், ஹங்கேரியத் தலைவர் கோசுத் 1851இலும், ருஷ்யரான ஹெர்சன் 1852இலும் வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து ஒற்றர்களும் வந்தார்கள். பிரஷ்ய ஒற்றர்கள் தம் வீட்டு வாசலில் நின்று வருவோர் போவோரைக் குறித்துக்கொள்வதாக மார்க்ஸும் எங்கெல்ஸும் 1850 ஜூனில் ‘ஸ்பெக்டேட்டர்’ வார இதழில் எழுதினார்கள். பெர்லின் போலீஸ் அதிகாரி வில்ஹெல்ம் ஸ்டீபர் 1851இல் உலகப் பொருட்காட்சியைக் காரணம் காட்டி லண்டன் வந்து, நாடிழந்த ஜெர்மானியக் குழுவொன்றின் ஆவணங்களைக் கைப்பற்றச் செய்தார். மறு ஆண்டு கொலோன் நகரில் பொதுவுடைமையாளர் 11 பேர்மீது நடந்த வழக்கில், மார்க்ஸ் குழுவினரின் கூட்டக் குறிப்பேடு என்று ஒரு நூல் சான்றாக வைக்கப்பட்டது. குறிப்பெழுதியதாகக் கூறப்பட்டவர்களின் உண்மையான கையெழுத்து லண்டனிலிருந்து சான்றுறுதியோடு போய்ச் சேர்ந்ததும் அது கூலிக்கு எழுதப்பட்ட போலி என்பது அம்பலமாயிற்று. எனினும் 7 பேருக்குத் தண்டனை கிடைத்தது. இதில் பிரிட்டிஷ் அரசு செய்தது ஒன்றுமில்லை. வெளிநாட்டு ஒற்றர் ஒருவர் லண்டன் தெருவில் நின்று வேவு பார்ப்பது அக்காலச் சட்டப்படி குற்றமாகவும் இருக்கவில்லை. விரட்டாதிருப்பது வேறு, காப்பது வேறு என்பதை இவ்வழக்கு காட்டியது.

சட்டம் சற்று மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஜெர்சித் தீவு எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் முடியின்கீழ் இருந்தாலும் தனக்கென்று சட்டமரபு கொண்ட அத்தீவில் அந்நியரை வெளியேற்றும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது. விக்டோரியா அரசி பாரிஸ் சென்று பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருந்தினராக இருந்ததை இகழும் கடிதமொன்றை அங்குள்ள பிரெஞ்சு அகதிகளின் ஏடு வெளியிட்டதற்காக 1855இல் அதை நடத்தியோர் வெளியேற்றப்பட்டார்கள். அதைக் கண்டித்துக் கையெழுத்திட்ட விக்டர் ஹியூகோவுக்கும் தோழர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. ஹியூகோ அடுத்த தீவான கெர்ன்சிக்குப் படகேறினார். அதுவும் பிரிட்டிஷ் முடிக்கு உட்பட்டதே.

1858 ஜனவரி 14 மாலை, பாரிஸ் நகரின் இசைநாடக அரங்குக்கு வந்த மூன்றாம் நெப்போலியனின் வண்டியை நோக்கி மூன்று வெடிகுண்டுகள் வீசப்பட்டன. பேரரசரும் அரசியும் தப்பினார்கள். தெருவில் நின்றவர்களிலும் காவலர்களிலும் 8 பேர் மாண்டார்கள், ஏறத்தாழ 150 பேர் காயமுற்றார்கள். சூழ்ச்சியின் தலைவரான ஃபெலீச்சே ஓர்சினி, 1856இல் மாந்துவாவின் ஆஸ்திரியச் சிறையில் கம்பிகளை அறுத்துத் தப்பி, இங்கிலாந்து வந்து, மேடைதோறும் தம் தப்பியோட்டக் கதையைச் சொல்லிப் புகழ்பெற்றவர். குண்டுகளின் உறைகள் பர்மிங்ஹாம் பட்டறையில் வார்க்கப்பட்டவை. எரிவாயு விளக்குக்கான புதுக் கருவி என்று சொல்லி அவற்றை பிரஸ்ஸல்ஸ் கொண்டுசென்றார்கள். ஓர்சினி பயணம் செய்தது ஓர் ஆங்கிலேயரின் கடவுச்சீட்டில். நாடிழந்தோர் எல்லாரும் வெறும் கருத்துக்காகத் துன்புற்றவர்கள் என்று எழுதுவது எளிது. இந்தப் படுகொலையோ அந்த எளிமைக்கு இடம் தரவில்லை.

பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வாலெவ்ஸ்கி ஜனவரி 20 அன்று லண்டனுக்கு அனுப்பிய மடல், கொலைகாரர்களுக்கும் அடைக்கல உரிமை உண்டா என்று கேட்டது. பிரெஞ்சுப் படைப்பிரிவுகளின் தளபதிகள் இங்கிலாந்தைக் கொலைகாரர்களின் குகை என்று சாடி, அதைத் தாக்க அனுமதி கோரி அனுப்பிய வாழ்த்துமடல்கள் பாரிஸ் அரசிதழிலேயே வெளியாயின. இந்தச் சீற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் நெப்போலியனே முன்பு லண்டனில் அகதியாக வாழ்ந்தவர். 1840இல் தேம்ஸ் ஆற்றிலிருந்து வாடகைக் கப்பலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சு அரசைக் கவிழ்க்க முயன்றவர். 1848 ஏப்ரலில் சாசனவாதிகளின் பேரணியைத் தடுக்க லண்டன் அரசு திரட்டிய தற்காலிகக் காவலர்களுள் ஒருவராகப் பணியாற்றியவரும் அவரே.

தலைமை அமைச்சர் பாமர்ஸ்டன் பிரான்ஸின் மனக்கசப்பைத் தணிக்க, கொலைச் சதியைக் கடுமையான தண்டனைக்குரிய பெருங்குற்றமாக்கும் மசோதாவைப் பிப்ரவரியில் கொண்டுவந்தார். தன்னளவில் அது தவறான மசோதா என்று சொல்ல முடியாது. அவையும் முதலில் பெரும்பான்மையோடு அனுமதித்தது. தளபதிகளின் மிரட்டல் மக்களிடையே பரவப் பரவ, பாரிஸ் கட்டளையிட லண்டன் சட்டம் இயற்றுகிறது என்ற எண்ணம் வலுத்தது. பிப்ரவரி 19 அன்று அவை உறுப்பினர் மில்னர் கிப்சன் முன்மொழிந்த திருத்தம், மசோதாவின் உள்ளடக்கத்தைத் தொடவே இல்லை. வாலெவ்ஸ்கியின் மடலுக்கு அரசு முறையான பதில் எழுதாததற்கு வருத்தம் தெரிவித்தது, அவ்வளவே. 234க்கு 215 என்ற வாக்குகளில் திருத்தம் வென்றது; பாமர்ஸ்டன் பதவி விலகினார். அகதிகளுக்காக ஓர் ஆட்சி கவிழ்ந்தது என்று நூல்கள் எழுதுவதைவிட, தன்மானத்துக்காகக் கவிழ்ந்த ஆட்சியின் பலன் அகதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வதே பொருந்தும்.

எஞ்சியது வழக்கு. ஓர்சினி மார்ச் 13 அன்று பாரிஸில் கில்லட்டினுக்கு இரையானார். லண்டனில் வசித்த பிரெஞ்சு மருத்துவர் சிமோன் பெர்னார், குண்டுகளை அனுப்ப உதவியவர் என்று கைதுசெய்யப்பட்டு, ஏப்ரல் 12 முதல் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் கொலைக்கு உடந்தையாளராக விசாரிக்கப்பட்டார். சான்றுகள் அவருக்கு எதிராகவே இருந்தன. தலைமை நீதிபதி கேம்பெல் பிரபுவின் தொகுப்புரையும் தண்டனையை நோக்கியே சென்றது. பெர்னாரின் வழக்குரைஞர் எட்வின் ஜேம்ஸ், சான்றுகளோடு மல்லுக்கட்டுவதில் நேரத்தை வீணாக்காமல், அயல்நாட்டுச் சர்வாதிகாரியின் விருப்பத்துக்காக ஆங்கிலேய ஜூரி ஒருவரைத் தூக்குக்கு அனுப்புமா என்று முழங்கினார். ஜூரி என்பது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, குற்றம் நிகழ்ந்ததா இல்லையா என்று முடிவுகூறும் 12 பேர் குழு. நீதிபதியின் கருத்துக்கு அது கட்டுப்பட்டதன்று. ஏப்ரல் 17 அன்று அந்த 12 பேரும் குற்றமற்றவர் என்று கூறியபோது நீதிமன்றத்துக்குள்ளும் வெளியிலும் ஆரவாரம் எழுந்தது. முழங்கிய வழக்குரைஞர் மூன்றாண்டுகளுக்குப் பின் பண மோசடிகளுக்காகத் தொழிலிலிருந்து நீக்கப்பட்டார் என்பதை அந்தத் தீர்ப்பைப் போற்றுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

கூச்சல் அடங்கியபின் அரசு தனக்கு வேண்டியதைச் சத்தமில்லாமல் பெற்றுக்கொண்டது. 1861இல் குற்றவியல் சட்டங்கள் தொகுக்கப்பட்டபோது, உலகின் எம்மூலையில் உள்ள எந்நாட்டவரைக் கொல்லச் சதிசெய்தாலும் கொல்லத் தூண்டினாலும் பத்தாண்டுவரை தண்டனை என்ற பிரிவு அதில் இடம்பெற்றது. பாமர்ஸ்டனின் ஆட்சி கவிழ்ந்த அதே காரியத்துக்கு இம்முறை யாரும் கொதித்தெழவில்லை. ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதை 1881இல் தம் லண்டன் இதழில் கொண்டாடிய ஜெர்மானியர் யோஹன் மோஸ்ட், அப்பிரிவின்கீழ் 16 மாதக் கடுங்காவல் பெற்றார். மறுபுறம், குற்றம்சாட்டப்பட்டவரைப் பிற நாட்டிடம் பிடித்துக் கொடுப்பதற்கான 1870ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம், அரசியல் தன்மை கொண்ட குற்றத்துக்காக எவரையும் ஒப்படைக்கலாகாது என்று விதித்தது. பெல்ஜியம் 1833இலேயே வகுத்திருந்த அந்த விதிவிலக்கு, அதுவரை வழக்கமாக மட்டும் இருந்ததை பிரிட்டனில் எழுத்தில் ஏற்றியது.

அவ்விதிவிலக்கு வெளிநாட்டு அரசுகள் கோருவோருக்கே பொருந்தும். பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குத் தப்பியவரைப் பிடித்து அனுப்ப 1881இல் இயற்றப்பட்ட தனிச்சட்டத்தில் அரசியல் குற்றத்துக்கு விலக்கு ஏதும் சேர்க்கப்படவில்லை. மாட்ஸினியின் வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் பெயர்த்த இந்தியப் புரட்சியாளர் விநாயக் தாமோதர் சாவர்க்கர், 1910 மார்ச் 13 அன்று பாரிஸிலிருந்து வந்து லண்டனின் விக்டோரியா ரயில் நிலையத்தில் இறங்கியதும் கைதானது அந்தச் சட்டத்தின்கீழ்தான். அவரைக் கோரியது பம்பாய் அரசு. ஆஸ்திரியாவின் எதிரிக்கும் பிரான்ஸின் எதிரிக்கும் கிடைத்த சலுகை பிரிட்டனின் சொந்த எதிரிக்கு வாய்க்கவில்லை, ஆங்கிலேய நீதிமன்றங்கள் அவருடைய மேல்முறையீட்டை ஏற்கவுமில்லை. லண்டனின் ஹைகேட் பகுதியில் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸ் குழுவில் அவரோடு இருந்த வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், லண்டன் இனிப் பாதுகாப்பன்று என்று கண்டு மாறுவேடத்தில் நழுவி, அதே ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். சென்னை மாகாணப் போலீசாரின் ஒற்றர்கள் அங்கே முன்னதாகவே வீடெடுத்துத் தங்கி, அங்கு அடைக்கலம் புகுந்திருந்த கவிஞர் பாரதியாரின் வாசலைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். சாவர்க்கர் மார்சேய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்ததும், அதனால் எழுந்த வழக்கு ஹேக் நகர நடுவர் மன்றம்வரை சென்றதும் அடுத்த பகுதியில் இடம்பெறும்.